ஏறாமல் போட்ட கையெழுத்து

ஜிஜோ ஊருக்கு வந்து ஒன்பது நாளாகியும் தனபாலைப் பார்க்கப் போகவில்லை. இத்தனைக்கும் இருவர் வீடும் ஒரே லயத்தில்தான். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்காகக் கம்பெனி கட்டிய அந்த நீள வரிசையில் ஜிஜோவின் வீடு மூன்றாவது வாசல், தனபாலின் வீடு பதினோராவது. போடிமெட்டுப் பக்கம் மழை விடாமல் பிடித்துக்கொண்ட நாட்கள் அவை. எல்லாக் கதவுகளும் சாத்தியே கிடந்தன. ஒருவரையும் பார்க்காமல் இருந்துவிட அது வசதியாக இருந்தது.

பத்தாம் நாள் மத்தியானம் தனபாலின் மனைவி ராமலட்சுமி வந்து வாசலில் நின்றாள். கொழுந்து பறிக்கிற இடத்திலிருந்து நேரே வந்திருந்தாள். இடுப்பில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஜிஜோவின் மனைவி நிமி உள்ளே கூப்பிட்டதற்கு, நேரமில்லை, அவரைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு மறுபடி ஓட வேண்டும் என்றாள்.

“அண்ணே, அவுக உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காக. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.”

அவள் குரலில் குறை எதுவும் இல்லை. நாளைக்கு வருவதாக ஜிஜோ சொன்னான். அவள் போன பிறகு நிமி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடிபட்டுக் கிடக்கிற கூட்டாளியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, அதுதான் போகாமல் இருக்கிறான் என்று அவள் நினைத்திருந்தாள். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரியாது.

ஜிஜோவும் தனபாலும் ஒரே வருஷம் பத்தாம் வகுப்பில் தோற்றவர்கள். ஒருவன் மாதா கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை, மற்றவன் காளியம்மனுக்குப் பொங்கல் வைக்கிற வீட்டுப் பிள்ளை. சின்ன வயதிலிருந்தே ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். இருபது வயதில் ஓர் ஏஜெண்டோடு சேர்ந்து இருவரும் கொச்சிக்கு இறங்கினார்கள். பெரிய ஆலைகளை வாரக்கணக்கில் நிறுத்திவைத்து உள்ளே பழுது பார்ப்பார்கள். அதற்கு ஷட்டவுன் என்று பெயர். வெல்டரோ பெயிண்டரோ ஃபிட்டரோ, யார் மேலே நின்று வேலை செய்ய வேண்டுமென்றாலும் முதலில் அங்கே இரும்புக் குழாய்களால் சாரம் கட்ட வேண்டும். வேலை முடிந்ததும் கடைசியில் அதைப் பிரிக்க வேண்டும். எனவே ஷட்டவுனில் முதலில் உள்ளே போகிறவர்களும் கடைசியில் வெளியே வருகிறவர்களும் சாரக்காரர்கள்தான்.

முதல் இரண்டு வருஷம் குழாய் சுமக்கிற வேலை. ஆறு மீட்டர் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தால் முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்தோடு சேர்ந்து நடக்கப் பழக வேண்டும். தனபாலுக்கு அது ஒரு வாரத்தில் வந்தது. ஜிஜோவுக்கு ஒரு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு கிளாம்ப் முடுக்குகிற வேலை. குழாயும் குழாயும் சேரும் இடத்தில் கிளாம்ப்பைப் போட்டு ஸ்பேனரால் இறுக்குவார்கள். சாரம் முழுதும் அந்த ஒரு இறுக்கத்தில்தான் நிற்கும். மூன்றாம் கிரேடு, இரண்டாம் கிரேடு, முதல் கிரேடு என்று இருவரும் சேர்ந்தே ஏறினார்கள். சேர்ந்தே சவூதிக்கும் போனார்கள். அங்கே எட்டு ஆட்களுக்குத் தலைவனாகச் சார்ஜ்ஹேண்ட் ஆனதும் தனபால் அதோடு நின்றுகொண்டான். மேலே போக இங்கிலீஷ் வேண்டும், பரீட்சை எழுத வேண்டும். எனக்கு அது ஒத்துவராது, நீ எழுது மாப்ள என்றான்.

ஜிஜோ எழுதினான். சாரம் சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துப் பச்சை அட்டையில் கையெழுத்துப் போடுகிற இன்ஸ்பெக்டர் வேலைக்கான பரீட்சை அது. பச்சை அட்டை தொங்கினால்தான் யாரும் சாரத்தில் ஏறலாம். சிவப்பு அட்டை தொங்கினால் ஏறக்கூடாது. இரண்டு முறை தோற்றான். வேலை முடிந்து வந்து, அறையில் எல்லோரும் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது, அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து இங்கிலீஷ் வாக்கியங்களை உருப்போட்டான். மூன்றாம் முறை தேறினான். அன்று தனபால்தான் அறையில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக்கொடுத்தான். எங்க லயத்துல ஒருத்தன் கையெழுத்துப் போட்டாத்தான் இனி நீங்கல்லாம் ஏற முடியும் என்று எல்லோரிடமும் சொன்னான்.

தேறுவதற்கு ஆறு மாதம் முன்பே ஜிஜோவுக்குத் தலைசுற்றல் தொடங்கியிருந்தது. உயரத்தில் நிற்கும்போது இடது காதில் ஓர் இரைச்சல் கேட்கும். உடனே காலுக்குக் கீழே பலகை சாய்வதுபோல் இருக்கும். குழாயைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் சற்று நேரத்தில் சரியாகும். விடுமுறையில் வந்தபோது தேனியில் ஒரு டாக்டரிடம் காட்டினான். காதுக்குள்ளே கோளாறு, உயரமான இடத்தில் வேலை செய்யாதீர்கள் என்று அவர் சொன்னார். ஜிஜோ அதை நிமியிடம் மட்டும் சொன்னான். இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டால் அவ்வளவாக ஏற வேண்டியிருக்காது என்று அவளையும் தேற்றிக்கொண்டு தன்னையும் தேற்றிக்கொண்டான். வேறு என்ன வேலை அவனுக்குத் தெரியும்? அவன் அம்மா கத்தரீனாளுக்குத் தோட்டத்தில் ஓய்வுபெற இரண்டு வருஷம்தான் இருந்தது. வீட்டில் ஒருவர் பெயராவது செக்ரோல் என்கிற தோட்டத்து ஆள்பதிவில் இல்லையென்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். ராஜாக்காட்டுப் பக்கம் ஒரு சின்ன இடம் வாங்கி வீடு கட்டிவிடலாம் என்று அவன் போட்ட கணக்கெல்லாம் அந்த இன்ஸ்பெக்டர் வேலையை நம்பியது.

இன்ஸ்பெக்டருக்கும் ஏற வேண்டியிருந்தது. ஒவ்வொரு தட்டாக ஏறி, ஒவ்வொரு கிளாம்ப்பையும் தட்டிப் பார்த்து, பலகை ஆடுகிறதா என்று மிதித்துப் பார்த்து, அதன் பிறகுதான் கையெழுத்து. அடுத்த ஷட்டவுன் தொடங்கியபோது இரண்டு இன்ஸ்பெக்டர்கள் இருந்தார்கள். ஒருவன் அப்பா செத்துப்போனதாகப் பீகாருக்குப் போய்விட்டான். காலை ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில் முப்பதுக்கு மேல் சாரங்களை ஜிஜோ ஒருவன் பார்க்க வேண்டும். தாமதமானால் கீழே ஐம்பது பேர் வேலையில்லாமல் நிற்பார்கள், எஞ்சினியர் வாக்கி டாக்கியில் கத்துவார். முதல் வாரம் எல்லாவற்றிலும் ஏறினான். இரண்டாம் வாரம் உயரமானவற்றில் பாதிவரை ஏறினான். மூன்றாம் வாரம் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு அட்டையில் கையெழுத்துப் போட்டான். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாளும் ஆகவில்லை.

ஒரு நாள், ஆலையின் பெரிய டவர் ஒன்றைச் சுற்றிய சாரத்தை ராத்திரி ஷிப்ட் ஆட்கள் கட்டியிருந்தார்கள். காலையில் ஜிஜோ வந்தபோது இரண்டாம் தட்டுவரை ஏறினான். காதில் இரைச்சல் தொடங்கியது. இறங்கி வந்து பச்சை அட்டையைத் தொங்கவிட்டான். பத்து மணிக்குப் பக்கத்தில், ஃபிட்டர்களுக்காக ஐந்தாம் தட்டைச் சற்று நீட்டிக் கட்டச் சொல்லித் தனபாலின் ஆட்களை அனுப்பினார்கள். எப்போதும்போல் தனபால் முதலில் ஏறினான்.

ஜிஜோ அப்போது பக்கத்துச் சாரத்தின் அடியில் நின்றிருந்தான். இரும்பு மேல் இரும்பு மோதுகிற சத்தம் கேட்டுத் திரும்பினான். தனபால் ஐந்தாம் தட்டிலிருந்து இரண்டாம் தட்டுப் பலகையில் முதுகு அடிபட விழுந்திருந்தான். அங்கே முதலில் போய்ச் சேர்ந்தவன் ஜிஜோதான். எப்படி ஏறினான் என்று அவனுக்கே பிறகு ஞாபகம் இல்லை. தனபால் கண்ணைத் திறந்திருந்தான், பேச்சு வரவில்லை. விழாமல் இருக்கக் கட்டியிருந்த அவனுடைய பெல்ட்டிலிருந்து வந்த கயிற்றின் முனையில் கொக்கி இருந்தது. அந்தக் கொக்கி ஒரு குழாயில் மாட்டியிருந்தது. மேலேயிருந்த கைப்பிடிக் குழாய் அது. அவனோடு சேர்ந்து கீழே வந்து அவன் பக்கத்திலேயே கிடந்தது. ஜிஜோ நிமிர்ந்து பார்த்தான். ஐந்தாம் தட்டில் அந்தக் குழாய் இருந்த இடத்தில் ஒரு கிளாம்ப் வாயைத் திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் ஸ்பேனரால் இறுக்கவே இல்லை. விரலால் திருகி விட்டதோடு சரி. ஏறித் தட்டிப் பார்த்திருந்தால் ஒரு தட்டிலேயே தெரிந்திருக்கும்.

ஸ்ட்ரெச்சரோடு ஆம்புலன்ஸ்வரை போய்விட்டு அவன் திரும்பி வந்தபோது அந்தக் குழாய் அங்கே இல்லை. கழற்றி எடுத்த பெல்ட்டைப் பலகைமேல் விரித்து, கொக்கி தனியே கிடக்கிற மாதிரி கம்பெனி ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சேஃப்டி ஆபீசர் ஜிபி கோட்டயத்துக்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. சாயங்காலம் ஜிஜோவைக் கண்டெய்னர் ஆபீசுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாகத்தான் பேசினார். சாரத்தில் குறை என்றால் அட்டையில் யார் கையெழுத்து இருக்கிறது என்று கேட்பார்கள், இந்த நாட்டில் அது போலீஸ் கேஸ், பாஸ்போர்ட் போய்விடும், உள்ளே போனால் எப்போது வெளியே வருவாய் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆள் கொக்கி மாட்டவில்லை என்றால் அது அவனுடைய கவனக்குறைவு, ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி எப்படியும் பார்க்கும், அவன் பிழைத்துக்கொண்டானே, அது போதாதா என்றார். காகிதத்தை நகர்த்தி வைத்தார். ஜிஜோ இங்கிலீஷில் மூன்று வரி எழுதினான். சாரத்தை நான் காலையில் ஏறிச் சோதித்தேன். அது பாதுகாப்பாக இருந்தது. தனபால் கொக்கியை மாட்டவில்லை. ஒரு பிழையும் இல்லாமல் எழுதினான்.

தனபாலுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. மூன்று மாதம் அங்கே ஆஸ்பத்திரியில் வைத்திருந்து ஸ்ட்ரெச்சரிலேயே ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். சொந்தக் கவனக்குறைவு என்று எழுதியிருந்ததால் இன்சூரன்ஸ் கிடைக்கவில்லை. அதற்குப் பின் ஏழாம் மாதம் ஜிஜோவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் மருத்துவச் சோதனை வந்தது. கண்ணைக் கட்டி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். அவன் விழுந்தான். உயரத்தில் வேலை செய்யத் தகுதியில்லாதவன் என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். பதினெட்டு வருஷத்து வேலை ஒரு முத்திரையில் முடிந்தது.

ராமலட்சுமி வந்து கூப்பிட்ட மறுநாள் அவன் போனான்.

கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். தனபாலின் தோளும் கையும் பழையபடியே இருந்தன. போர்வைக்குள் கால்கள் ஒன்றுமே இல்லாததுபோல் சிறுத்துக் கிடந்தன. கையால் பிடித்து எழுந்துகொள்ள உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கியது. ஜிஜோவைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. சாப்பிட்டாயா, அம்மா எப்படியிருக்கிறாள், வேலை ஏன் போயிற்று என்று அவன்தான் விசாரித்தான். மருத்துவச் சோதனையைப் பற்றிச் சொன்னதும் வருத்தப்பட்டான். தலைசுற்றல் இருந்ததை என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று கோபித்துக்கொண்டான்.

பிறகு, “மாப்ள, ஒண்ணு கேக்கணும். நீதானே முதல்ல வந்த. நான் கொக்கிய மாட்டலையாடா?” என்றான்.

ஜிஜோ வாயைத் திறந்தான். தெரியல மாப்ள, நான் கவனிக்கல என்ற சொற்கள்தான் வெளியே வந்தன.

தனபால் தலையை ஆட்டினான். விழுந்த அன்று காலை டீ குடித்ததுவரை ஞாபகம் இருக்கிறது, அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை என்றான். சொல்லிக்கொண்டே வலதுகைக் கட்டைவிரலை அமுக்கி அமுக்கி விட்டான். கொக்கியின் வாயைத் திறக்க அப்படித்தான் அமுக்க வேண்டும். பத்து மாதமாக அந்த விரலை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறானாம். மாட்டியிருந்தால் விரலுக்காவது ஞாபகம் இருக்கும் இல்லையா என்று கேட்டான்.

அப்போது ராமலட்சுமி கஞ்சியோடு வந்தாள். அவன் விரலைப் பார்த்துவிட்டாள்.

“இப்ப அமுக்கி என்ன செய்ய? அன்னைக்கு அமுக்கியிருந்தா நான் ஏன் இப்படி அலையிறேன்? ஒரு கொக்கிய மாட்ட நேரமில்லாமப் போச்சு ஒங்களுக்கு.”

தனபால் விரலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். ஆமா என்றான். அவள் இதைத் தினமும் சொல்கிறாள் என்பதும், அவன் தினமும் ஆமா என்கிறான் என்பதும் ஜிஜோவுக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து ஜிஜோ தினமும் போனான். ராமலட்சுமி காலையில் தோட்டத்துக்குப் போனால் மத்தியானம்தான் வருவாள். மகள் போடியில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் புண் வந்துவிடும் என்று படுக்கையில் கிடக்கிற நோயாளிகளைப் பார்க்கப் பஞ்சாயத்திலிருந்து வருகிற பாலியேட்டிவ் நர்ஸ் சொல்லியிருந்தாள். ஏற்கெனவே முதுகின் அடியில் ஒரு புண் ஆழமாக இருந்தது. காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் ஜிஜோ போய்த் திருப்பிவிட்டான். மூத்திரப் பையை மாற்றப் பழகிக்கொண்டான். லயத்தில் எல்லோரும் அவனை மெச்சினார்கள். கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று கத்தரீனாளிடம் வந்து சொன்னார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

வேலைக்கும் அலைந்தான். சின்னக்கானல் பக்கம் ஒரு பெரிய ரிசார்ட் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே சாரமும் சென்ட்ரிங்கும் எடுத்திருந்தவர் கொழிஞ்சாம்பாறைக்காரர் குப்பண்ணன். சவூதியில் இன்ஸ்பெக்டராக இருந்தவன் என்றதும் உடனே சேர்த்துக்கொண்டார். அங்கே பெல்ட்டும் கிடையாது, அட்டையும் கிடையாது. தரையில் நின்று ஆட்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜிஜோ நினைத்துப் போயிருந்தான். மூன்றாம் நாள் ஆள் குறைந்தது. ஏறச் சொன்னார்கள். இரண்டாம் தட்டில் காது இரைந்தது. அவன் பலகையில் உட்கார்ந்து குழாயைக் கட்டிக்கொண்டான். எழுந்திருக்க முடியவில்லை. கீழே வங்காளத்துப் பையன்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் குப்பண்ணனே ஏறி வந்து அவன் கையைப் பிடித்தார்.

“தம்பி, மெதுவா எறங்குங்க. இது உங்களுக்கு வேண்டாமுங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நானுங்க பதில் சொல்லோணும்.”

அன்றைய கூலியைக் கையில் வைத்து மரியாதையாகவே அனுப்பிவைத்தார். கொச்சியில் சாரவேலை கற்றுக்கொடுக்கிற ஒரு நிலையத்துக்கு ஆள் கேட்டிருந்தார்கள். அங்கேயும் முதலில் மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள். பரீட்சையில் தேறியதற்கு அவன் வைத்திருந்த அட்டைக்கும் காலாவதி தேதி கடந்துவிட்டிருந்தது.

ஒரு வியாழக்கிழமை, புண்ணைச் சுத்தம் செய்யும்போது நர்ஸ் எலும்பு தெரிகிறது என்று ராமலட்சுமியிடம் மலையாளத்தில் தாழ்ந்த குரலில் சொன்னாள். தனபாலுக்கு அது கேட்டது. நர்ஸ் போன பிறகு ராமலட்சுமி எதுவும் சொல்வதற்குமுன் அவனே, எல்லாம் என் தப்புதான், நீ திட்டு, உனக்கு மனசாவது ஆறும் என்றான். அவள் திட்டினாள். அழுதுகொண்டே திட்டினாள். ஜிஜோ பஞ்சையும் மருந்துப் பாட்டிலையும் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அவற்றைக் கீழே வைத்தான்.

“தங்கச்சி, போதும். அவன் மாட்டியிருந்தான்.”

இருவரும் அவனைப் பார்த்தார்கள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். காதில் இரைச்சல் கேட்டதையும், இரண்டாம் தட்டோடு இறங்கி வந்ததையும், அட்டையைத் தொங்கவிட்டதையும், கொக்கி குழாயில் மாட்டியிருந்ததையும், குழாயை எடுத்துப் போய்விட்டதையும், மூன்று வரி எழுதிக்கொடுத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லி முடித்ததும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். தனபால் அடிக்கட்டும், துப்பட்டும், இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்லட்டும் என்று காத்து நின்றான்.

தனபால் வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்தான். பிறகு சிரித்தான்.

“நல்லாத்தான் சொல்ற மாப்ள. என்னைத் திட்டுறதப் பாத்து ஒனக்குப் பொறுக்கல. அதுக்காக ஒம் பேரக் கெடுத்துக்குவியா?”

ஜிஜோ தான் சொன்னது அவ்வளவும் நிஜம் என்றான். அம்மா மேல் சத்தியம் செய்தான். தனபால் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“நீ ஏறிப் பாக்காமக் கையெழுத்துப் போடுற ஆளா? மூணு தடவ பரீட்சை எழுதுன ஆளுடா நீ. எனக்குத் தெரியாதா? இந்தப் பேச்ச இதோட விடு.”

எவ்வளவு சொல்லியும் அவன் கேட்கவில்லை. நண்பன் தனக்காகப் பொய் சொல்கிறான் என்ற நினைப்பில் அவன் கண் கலங்கியிருந்தது. ஜிஜோவின் கையை விடவும் இல்லை.

ஜிஜோ வெளியே வந்தபோது ராமலட்சுமி பின்னாலேயே வந்தாள். மழை நின்று, ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவள் சுவரோரம் நின்று குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“நீங்க சொன்னது நெசம். எனக்கு ஒங்க மூஞ்சப் பாத்தாலே தெரியுது.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“பத்து மாசமா அந்த மனுசன நான் என்னென்ன பேசியிருக்கேன் தெரியுமா? சோறு ஊட்டும்போதும் பேசுனேன், பீ அள்ளும்போதும் பேசுனேன். அதெல்லாம் நான் எங்க கொண்டுபோய்ப் போட?”

கடைசியில், கம்பெனிக்கு எழுதுங்கள், எழுதிவிட்டு எனக்குச் சொல்லுங்கள் என்றாள். இன்னொன்றும் சொன்னாள். இனி அவரிடம் இதைப் பேச வேண்டாம். அவரைத் தேடி வருகிறவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களும் அப்படிப்பட்டவர் என்று அவர் நம்பிவிட்டால் அவருக்கு யாரும் மிஞ்சமாட்டார்கள். எனக்கு உங்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை, ஆனாலும் காலையில் வந்து அவரைத் திருப்பிவிடுங்கள் என்றாள்.

ஜிஜோ அன்றே நிமியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் வெகுநேரம் அங்கேயே நின்றாள். பிறகு வந்து எழுது என்றாள். அவன் எழுதினான். பரீட்சைக்காகப் படித்த இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதிக் கம்பெனிக்கு மெயிலும் அனுப்பினான், பதிவுத் தபாலும் அனுப்பினான். ஜிபியின் போனுக்கும் செய்தி அனுப்பினான். ஜிபி அதைப் படித்தது தெரிந்தது. மறுநாள் முதல் அந்த எண் கிடைக்கவில்லை. ஐந்து வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து நான்கு வரியில் பதில் வந்தது. அந்த விசாரணை முடிந்துவிட்டது, விபத்து நடந்த அன்றே நீங்கள் உங்கள் கைப்பட எழுதிய வாக்குமூலம் கோப்பில் இருக்கிறது, மேற்கொண்டு கடிதம் எழுத வேண்டாம்.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு நெடுங்கண்டத்தில் ஒரு வக்கீலைப் பார்க்க ராமலட்சுமியும் அவனும் பஸ்ஸில் போனார்கள். தனித்தனி இருக்கையில் உட்கார்ந்தார்கள். வக்கீல் பொறுமையாகப் படித்தார். அன்றைக்கு எழுதிய மூன்று வரியும் இவர் கையெழுத்து, இன்றைக்கு எழுதிய இரண்டு பக்கமும் இவர் கையெழுத்து. வேலை போன பிறகு நண்பனுக்காக மாற்றிச் சொல்கிறார் என்பார்கள், குழாயும் இல்லை, படமும் நமக்கு எதிராக இருக்கிறது, வேறு யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். அன்று மேலே இருந்த மற்ற இரண்டு பேர் எந்த நாட்டுக்காரர்கள் என்பதுகூட ஜிஜோவுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. வக்கீல் பணம் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த வருஷக் கடைசியில் கத்தரீனாள் ஓய்வுபெற்றாள். வீட்டைக் காப்பாற்ற ஒருவர் பெயர் கொடுக்க வேண்டும். ஜிஜோவின் பெயரைத்தான் முதலில் கொடுத்தார்கள். தோட்டத்து டாக்டர் சோதித்துவிட்டு, தலைசுற்றுகிற ஆளை இந்தச் சரிவில் மருந்தடிக்க அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். அதனால் நிமி பெயர் கொடுத்தாள். பி.காம். படித்தவள், மூணாறில் ஒரு ஹோட்டலில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவள். கல்யாணம் பேசும்போது என் மகள் தோட்டத்துக்குப் போகமாட்டாள் என்று அவள் அப்பா சொல்லித்தான் பெண்ணைக் கொடுத்திருந்தார். மழைக்குக் கட்டுகிற மாமியாரின் பழைய படுதாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு திங்கட்கிழமை காலை மற்ற பெண்களோடு இறங்கிப் போனாள். ஜிஜோவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோபம் என்று இல்லை, வழுக்கும் பாதையில் காலைப் பார்த்து வைக்க வேண்டியிருந்தது.

அவன் ஒன்பது மணிக்குத் தனபால் வீட்டுக்குப் போனான். மூத்திரப் பையைக் காலி செய்தான். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டினான். அது இப்போது இரண்டாகியிருந்தது; தனபாலுக்கு அங்கே வலி தெரியாது, ஆனால் நாற்றம் தெரிந்தது. அதற்காக அவன் வெட்கப்பட்டான். நிமி வேலைக்குப் போய்விட்டாளா என்று கேட்டான். போய்விட்டாள் என்றதும் கண்ணை மூடிக்கொண்டான்.

கொஞ்சம் கழித்து, “மாப்ள, ஒரு விசயம் பாத்தியா?” என்றான். “இப்பல்லாம் ராமு என்னைத் திட்டுறதே இல்ல. ரெண்டு மூணு மாசமா ஒரு வார்த்தை இல்ல. கொக்கிப் பேச்சே எடுக்குறதில்ல. சோறு ஊட்டுறா, தொடைக்கிறா, போயிடுறா.”

ஜிஜோ அது நல்லதுதானே என்றான்.

“நல்லதா? திட்டுன வரைக்கும் நான் எந்திரிச்சிருவேன்னு ஒரு நெனப்பு அவளுக்கு இருந்துச்சு. இப்ப விட்டுட்டா. இனி ஒண்ணும் இல்லன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, அதான்.”

அப்படியில்லை என்று சொல்ல ஜிஜோ வாயெடுத்தான். அப்படியானால் அவள் ஏன் நிறுத்தினாள் என்று சொல்ல வேண்டியிருக்குமே என்பது உடனே நினைவுக்கு வந்தது. சொன்னாலும் இவன் நம்பப்போவதில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. ஜிஜோ குனிந்து, ஒரு கையைத் தனபாலின் தோளுக்கு அடியிலும் ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, அவனைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தான்.